குளிரூட்டுபவரின் முதலாளி யார்?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல் மலை நிற்கிறது. அதன் பாறைக் கீறல்களைக் காணத் தொல்லியல் ஆர்வலர்கள் வருகின்றனர். அம்மலையைச் சுற்றியுள்ள தலித் குடியிருப்புகளிலிருந்து கோடைக்கு முன்பே சென்னைக்கும் புதுச்சேரிக்கும் பேருந்து ஏறும் இளைஞர்களைப் பற்றி எழுதுவோர் அரிது. பெற்றோர் மரக்காணம் உப்பளத்தில் கூலிகள், பிள்ளைகள் ஏ.சி. மெக்கானிக்குகள். உப்பு விளையவும் வெயில் வேண்டும், ஏ.சி. விற்கவும் வெயில் வேண்டும். இரண்டு தலைமுறைகளும் வெயிலை நம்பியே உண்கின்றன. இரண்டுக்கும் நிழல் இல்லை.

நம் இளைஞர்கள் இத்தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. நிலம் வேண்டாம், பரம்பரைப் பட்டறை வேண்டாம். ஐ.டி.ஐ.யில் ஈராண்டுப் படிப்பு, அல்லது மூத்த மெக்கானிக் ஒருவரின் பின்னால் சில கோடைகள் போதும். எந்தச் சாதியின் பெயரும் ஒட்டாத தொழில் இது. 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் தலித் வீடுகள் கொளுத்தப்பட்டதைச் சிறுவயதில் கண்ட தலைமுறைக்கு, ஊரைவிட்டு வெளியேற வழிகாட்டும் எத்தொழிலும் பாதி விடுதலைதான். மீதிப் பாதியை ஒப்பந்தச் சங்கிலி பறித்துக்கொள்கிறது.

எங்களிடம் வரும் விபத்து வழக்குகளின் வடிவம் ஏறத்தாழ ஒன்றே. முப்பது, நாற்பது கிலோ எடையுள்ள அவுட்டோர் யூனிட்டை மூன்றாம் மாடிச் சுவரில் பொருத்துகையில் இளைஞர் விழுகிறார். ஏ.சி.யை விற்ற நிறுவனம், ‘அவர் எங்கள் ஊழியர் அல்லர், சர்வீஸ் டீலரின் ஆள்’ என்கிறது. டீலர், ‘துணை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டேன்’ என்கிறார். துணை ஒப்பந்தக்காரரோ, ‘வேலைக்கு இவ்வளவு என்று பேசினோம், அவர் தனியாள்’ என்கிறார். நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையோடு விழுந்தவருக்கு, விழுந்த கணத்திலிருந்து முதலாளியே இல்லை.

சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், 12ஆம் பிரிவில், தன் வழக்கமான தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தக்காரரிடம் விடும் முதன்மை நிறுவனமே தொழிலாளிக்கு இழப்பீடு தரவேண்டும் என்றது. பின்னர் அத்தொகையை ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்வது நிறுவனத்தின் பாடு. தான் செய்து தருவதாக ஏற்ற வேலை நடக்கும் இடத்தில் விபத்து நேர்ந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ‘கயிறு கட்டாமல் ஏறினான்’ என்ற வழக்கமான எதிர்வாதமும், மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்த வழக்குகளில் இழப்பீட்டைத் தடுக்காது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு அச்சட்டத்தின் இடத்தைப் பிடித்தபோதும் இக்கோட்பாடுகள் தொடர்கின்றன. வேலைக்குப் போகும், திரும்பும் வழியில் நேரும் விபத்துகளையும், பணியோடு தொடர்பு இருப்பின், அத்தொகுப்பு கணக்கில் கொள்கிறது. இருசக்கர வண்டியிலேயே நாளைக் கழிக்கும் இத்தொழிலாளர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆபத்து உயரத்தில் மட்டும் இல்லை. பழைய ஆர்-22 வாயு ஓசோன் படலத்தை அரிப்பதால், 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி விலக்கப்பட்டு வருகிறது. அதன் இடத்திற்கு வந்துள்ளவற்றில் ஆர்-32 மிதமாகத் தீப்பற்றும். ஆர்-290 என்பது புரொப்பேன், சமையல் எரிவாயுவின் உறவு. குழாயில் கசிவு சோதிக்க நைட்ரஜன் வேண்டும். அது கையில் இல்லாதபோது ஆக்சிஜனை ஏற்றினால், கம்ப்ரசர் எண்ணெயோடு கலந்து வெடிக்கும். பூமியைக் காக்க எடுக்கப்பட்ட முடிவின் ஆபத்து, பயிற்சி தரப்படாத கைகளில் இறங்குகிறது. ஒன்றிய அரசு 2019 மார்ச்சில் வெளியிட்ட இந்தியக் குளிர்வித்தல் செயல்திட்டம், இருபதாண்டுகளில் நாட்டின் குளிர்வித்தல் தேவை ஏறத்தாழ எட்டு மடங்காகும் எனக் கணித்தது. 2022–23க்குள் 1,00,000 பழுதுநீக்கும் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர இலக்கு வைத்தது. நாம் கேட்பது இதுதான்: அச்சான்றிதழ்கள் எந்தத் தெருக்களுக்கு வந்தன?

இக்கேள்வி புதிதன்று. 1942இல் அம்பேத்கர் வைசிராயிடம் அளித்த கோரிக்கை மனுவில், பட்டியலின மக்களின் தொழில்நுட்பக் கல்விக்கு அரசு நிதியும், அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் பயிற்சி இடங்களும் கேட்டார். 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 3ஏ பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்குவது வேலையளிப்போரின் கடமை என்கிறது. தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை என்று பேசுவோர் பலரும் இப்பிரிவை மறந்துவிடுகிறோம்.

இத்தொழிலாளியின் பணியிடம் பெரும்பாலும் பிறர் வீட்டின் உட்புறம். ‘சொந்த ஊர் எது, எந்தப் பக்கம்?’ என்ற விசாரணை அங்கேதான் நடக்கிறது. தண்ணீர் தனிக் குவளையில் வருவதும் அங்கேதான். ஹிதேஷ் வர்மா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம், பொதுமக்கள் எவரும் இல்லாத நான்கு சுவர்களுக்குள் நடக்கும் சாதி இழிவு, பொதுப் பார்வையில் நடந்ததாகாது என்று கூறியது. நான்கு சுவர்களுக்குள்ளேயே பிழைப்பு நடத்துவோருக்கு இத்தீர்ப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் ஒரு கதவை ஏறக்குறைய மூடிவிட்டது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல முடிவு. ஆனால் அரசு பேரிடர் என்று அழைக்கும் அதே மாதங்களே மெக்கானிக்குகளின் வேலைக்காலம். நண்பகலில் மொட்டைமாடி வேலைக்கு அனுப்பும் நிறுவனத்திற்கு வரம்பு எதுவும் விதிக்காமல் மரணத்திற்கு மட்டும் விலை வைப்பது போதாது. பணியிட வெப்ப வரம்பு, நிறுவனச் செலவில் பாதுகாப்புக் கருவிகள், தீப்பற்றும் வாயுக்களுக்கு இலவசப் பயிற்சி, 3ஏ பிரிவின்கீழ் நிரப்பப்பட்ட இடங்களின் கணக்கு ஆகிய நான்கையும் அரசிடம் நாம் கோர வேண்டும்.

அதுவரை கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் தெருவில் ஏ.சி. வேலைக்குப் போகும் அண்ணன் தம்பிகளிடம் சொல்லுங்கள்: வாடிக்கையாளரின் புகார் எண்ணோடு வரும் குறுஞ்செய்தியை அழிக்க வேண்டாம். சீருடையில் எடுத்த படம், கூலி வந்த வங்கிக் கணக்கு விவரம், வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் கையொப்பமிட்ட தாள் ஆகியவற்றை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். ‘அவர் எங்கள் ஆள் அல்லர்’ என்று நிறுவனம் சொல்லும் நாளில், முதலாளி யார் என்பதை நீதிமன்றத்தில் அத்தாள்களே சொல்லும்.