முத்திரைக்காரர் முதலாளி ஆகலாமா?

தோழா!

சென்னிமலைத் தறிக்காரர் ஒருவரை எண்ணிக்கொள். கண்விழித்து, கால்கடுக்க, இழைக்கு இழை கணக்குப் பார்த்து நெய்த படுக்கை விரிப்பைத் தோளிலே சுமந்து சங்கத்துக்கு வருகிறார். அங்கே முத்திரை குத்துவதற்கென்றே ஒருவர் அமர்ந்திருக்கிறார். துணியை விரித்துப் பார்க்கிறார், பார்க்கட்டும்! "இந்த மூலையிலே இழை அறுந்திருக்கிறது, சரிசெய்து கொண்டு வா" என்கிறார், சொல்லட்டும்! ஆனால், ஒன்றுமே சொல்லாமல் துணியைப் பெட்டியிலே போட்டுப் பூட்டிவிட்டு, சாவியை மடியிலே செருகிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தால்? நெய்தவருக்குக் கூலி இல்லை. வாங்க வந்தவருக்குத் துணி இல்லை. பூட்டியவருக்கு மட்டும் சம்பளம் தவறாமல் வரும்! அவரை முத்திரைக்காரர் என்பாயா, முதலாளி என்பாயா?

துணி என்ற இடத்திலே மசோதா என்று எழுதிக்கொள். சங்கம் என்ற இடத்திலே தமிழ்நாடு என்று எழுதிக்கொள். கதை புரிந்துவிடும்.

2020 ஜனவரி முதல் 2023 ஏப்ரல் வரை நம் சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பிய 12 மசோதாக்கள் ஆளுநர் மாளிகையிலே தேங்கிக் கிடந்தன. மாநில அரசு உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. தட்டிய ஓசை கேட்ட பிறகுதான் மாளிகைக்கு விழிப்பு வந்தது. 2023 நவம்பர் 13-ஆம் நாள், 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் இல்லை என்றார் அன்றைய ஆளுநர் ஆர்.என்.ரவி. நவம்பர் 18-இல் சட்டமன்றம் சிறப்பாகக் கூடி, அந்தப் பத்தையும் மீண்டும் நிறைவேற்றியது. அரசியல் சட்டத்தின் 200-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? திருப்பி அனுப்பப்பட்ட மசோதாவைச் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றினால் ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்கிறது. அவர் செய்தது என்ன? நவம்பர் 28-இல் பத்தையும் கட்டிக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். சென்னையிலே பூட்டிய பெட்டி டில்லிக்குப் பயணமாயிற்று!

எங்கோ கோட்டையிலே நடந்த கதை என்று எண்ணாதே, தோழா! நம் கோவையின் மருதமலை அடிவாரத்திலே பாரதியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2022 அக்டோபரில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. 2025 ஏப்ரலில் தீர்ப்பு வந்தபோதும் அந்த நாற்காலி காலி! குழு ஒன்றின் பொறுப்பிலே நிர்வாகம் ஓடிக்கொண்டிருந்தது. அடைத்து வைக்கப்பட்ட மசோதாக்களில் பல, துணைவேந்தரை யார் அமர்த்துவது என்பதைப் பற்றியவை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கான திருத்தமும் அவற்றிலே ஒன்று. மஞ்சளும் மக்காச்சோளமும் விளைவிக்கும் உழவன், ஆட்டை விற்று மகளைப் பட்டப்படிப்புக்கு அனுப்புகிறான். அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தலைமை எப்போது வரும் என்று கேட்டால், மாளிகையிலிருந்து மௌனமே மறுமொழி!

"கட்சி அபிமானத்தாலே பேசுகிறீர்" என்பர் சிலர். அப்படியா? அந்தப் பத்திலே இரண்டு, 2020-இல் நம் எதிரணி ஆண்டபோது நிறைவேறியவை. அவையும்தான் சிறைப்பட்டன! இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். மேட்டுப்பாளையம் முதல் வால்பாறை வரை கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளிலும் 2021-இல் நாம் தோற்றோம். பத்திலும் வென்றது எதிரணி. எனினும், அவர்களும் அமர்ந்த சபையல்லவா அது? நமக்கு வாக்களித்தவனுக்கும் வாக்களிக்காதவனுக்கும் பொதுவான சபையின் முடிவையல்லவா ஒரு மனிதர் மடியிலே முடிந்துகொண்டார்? அந்த அவமதிப்பு நம்மைவிட அதிகமாக அவர்களைச் சுட்டிருக்க வேண்டும்!

இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டிப் பார். மசோதாவுக்கு ஒப்புதல் தருவதோ மறுப்பதோ கவர்னரின் "விருப்புரிமை" என்று எழுதி வைத்தான் வெள்ளையன். அவன் எழுதியதிலே வியப்பில்லை. அவன் மக்களை நம்பாதவன். விடுதலை பெற்ற நாடு 200-ஆவது பிரிவை எழுதியபோது அந்தச் சொல்லை விட்டுவிட்டது. 'கூடிய விரைவில்' திருப்பி அனுப்பலாம் என்று மட்டும் எழுதியது. வெள்ளையன் போனான்; அவன் விட்டுச்சென்ற சொல்லை மாளிகைச் சுவரிலே மீண்டும் எழுதப் பார்க்கிறார்கள்! அந்த வெள்ளையனின் நாட்டிலேயே, 1708-க்குப் பிறகு எந்த மன்னரும் எந்த அரசியும் நாடாளுமன்றத்தின் மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்ததில்லை. முடிசூடிய மன்னர் செய்யத் துணியாததை, டில்லி அமர்த்திய ஆளுநர் செய்யலாமாம்!

2025 ஏப்ரல் 8-ஆம் நாள் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் தீர்ப்பளித்தனர். பத்து மசோதாக்களையும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியது சட்டவிரோதம். அவை ஒப்புதல் பெற்றவையாகவே கருதப்படும் என்றனர். காலக்கெடுவும் வகுத்தனர். நாம் மகிழ்ந்தோம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மே 13-இல் குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் கருத்துரைத்தனர்: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க இயலாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதிக்கொள்ளவும் இயலாது, எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதிலே ஆளுநருக்கு விருப்புரிமை உண்டு என்றனர்.

எதிரணி ஏடுகள் இதை மட்டும் கொட்டை எழுத்திலே போட்டன. பக்கத்தைத் திருப்பி மீதியைப் படிக்க வேண்டாமா? மசோதாவைத் திருப்பி அனுப்பாமலே ஒப்புதலை நிறுத்திவைக்க ஆளுநருக்கு உரிமை இல்லை என்றும் அதே நீதிபதிகள் சொன்னார்கள். காரணமின்றிக் காலவரையின்றிக் கிடப்பில் போட்டால் முடிவெடுக்குமாறு நீதிமன்றம் ஆணையிடலாம் என்றும் சொன்னார்கள். ஒரு மாநிலத்தில் இரண்டு ஆட்சிப் பீடங்கள் இருக்க முடியாது என்றும் சொன்னார்கள். விருப்புரிமை உண்டு என்ற கருத்தை நாம் ஏற்கவில்லை. மன்றத்தை மதிப்பது வேறு. மாற்றுக் கருத்தைச் சொல்லும் உரிமையை விடுவது வேறு.

"சட்டமன்றம் தவறான சட்டம் செய்தால் தடுக்க ஒருவர் வேண்டாமா?" என்பார்கள். வேண்டும், அதற்குத்தான் நீதிமன்றம் இருக்கிறது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் மன்றம் இருக்கிறது. ஆளுநருக்கு யார் எசமானர்? 156-ஆவது பிரிவைப் பார்: குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை பதவி! 1991-இல் நம் ஆட்சியைக் கவிழ்க்க அறிக்கை தர மறுத்தார் ஆளுநர் பர்னாலா. என்ன ஆயிற்று? அறிக்கை இல்லாமலே ஜனவரி 30-இல் ஆட்சி கலைக்கப்பட்டது. பீகாருக்கு மாற்றப்பட்ட அந்த நேர்மையாளர் பதவியைத் துறந்தார். நல்லவர் அமர்ந்தாலும் நாற்காலி டில்லியுடையது. குறை ஆளிடம் மட்டுமல்ல, அமைப்பிலும் இருக்கிறது.

நாமும் நம் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்போம். எதிர்க்கட்சியாய் இருந்த நாட்களில் அதே மாளிகைப் படியேறி நாமும் மனுக் கொடுத்தோம். டில்லி ஆட்சியிலே பங்கேற்ற ஆண்டுகளில் இந்த அமைப்பை மாற்ற எவ்வளவு உரக்கக் குரல் கொடுத்தோம்? பகைவன் கேட்குமுன் நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்குக் கவர்னர் எதற்கு என்று கேட்டார் அண்ணா. அந்தக் கேள்வி இன்னும் விடைக்காகக் காத்திருக்கிறது. ஒழிக்கும் நாள் வரும்வரை ஒழுங்குபடுத்தவாவது வேண்டாமா? மாநில அமைச்சரவையைக் கலந்தே ஆளுநரை அமர்த்த வழி காட்டியது 1971-இல் வந்த இராசமன்னார் குழு அறிக்கை. ஆறு மாதத்திலே முடிவு வேண்டும் என்றது 2010-இல் வந்த பூஞ்சி ஆணையம். நீதிமன்றம் காலக்கெடு விதிக்க இயலாது என்றால், நாடாளுமன்றம் 200-ஆவது பிரிவைத் திருத்தி விதிக்கட்டும்! அதுவே நம் கோரிக்கை.

அந்தக் கோரிக்கையை மாளிகை வாயிலிலே முழங்கினால் போதாது. நாளை காலை சோமனூர்த் தேநீர்க் கடையிலே, ஈரோட்டு மஞ்சள் மண்டியிலே, திருப்பூர்ப் பனியன் கம்பெனி வாசலிலே நீ இதைச் சொல்ல வேண்டும். பிரிவு எண்ணெல்லாம் வேண்டாம். முத்திரைக்காரர் கதையைச் சொல். நம் கொங்குத் தறிக்காரர் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "துணி யாருதுங்க?"

விடையை நீ சொல்லத் தேவையில்லை, தோழா! அவருக்கே தெரியும்.