முட்டையும் இல்லை, கிழங்கும் இல்லை!

வீட்டில் உருளைக்கிழங்கு இல்லை, முட்டையும் இல்லை. அந்தச் சமயம் பார்த்து, "உருளைக்கிழங்கு போட்டு முட்டை அடை செய்து கொடு, அம்மா" என்று குழந்தைகள் கேட்டால் என்ன செய்வீர்கள்? "போய்ப் பாடத்தைப் படியுங்கள்!" என்று ஓர் அதட்டல் போடுவீர்கள். நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் ஸ்பெயின் தேசத்தில், இந்த இரண்டும் இல்லாமலே அந்த அடையைச் செய்ய வழி சொன்ன சமையல் புத்தகம் ஒன்று உண்டு!

அந்தக் கதைக்குமுன், உள்ளதை வைத்துச் செய்யும் விதத்தைப் பார்த்துவிடுவோம். இதற்கு டோர்ட்டியா என்று பெயர். அரைக் கிலோ உருளைக்கிழங்கைத் தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக நறுக்குங்கள். கிழங்கு மூழ்கும் அளவு ஆலிவ் எண்ணெய் விட்டு, நிதானமான தீயில் வேகவிடுங்கள். (கையைக் கடிக்கும் விலை என்றால் கடலெண்ணெய் போதும்.) வறுவல்போல மொறுமொறுப்பாகக் கூடாது, கரண்டி பட்டால் உடைய வேண்டும். எண்ணெயை வடித்துவிட்டு, உப்புச் சேர்த்து அடித்த 6 முட்டைகளில் கிழங்கைக் கலந்து 10 நிமிஷம் வையுங்கள். பிறகு சிறிது எண்ணெய் விட்டு வாணலியில் ஊற்றுங்கள்.

அடிப்பக்கம் வெந்ததும்தான் பரீட்சை! வாணலிமேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, அழுத்திப் பிடித்து, ஒரே திருப்பாகத் திருப்பி, மறுபடி வாணலிக்குள் சரிக்க வேண்டும். நான் முதல் தடவை தயங்கினேன். பாதி தட்டில், பாதி அடுப்பில்! முட்டை தொடாதவர்கள் கொண்டைக்கடலை மாவைக் கரைத்து ஊற்றலாம். ஸ்பெயினிலேயே அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வெங்காயம் சேர்க்கலாமா? அங்கே இதற்கு இரண்டு கட்சி. "எங்கள் அம்மா செய்ததே சரி" என்பதுதான் இரு கட்சிக்கும் வாதம்!

இது ஏழைகளின் அடுப்பில் வளர்ந்த பண்டம். வடக்கே நவார்ரா பிரதேசத்தின் சபைக்கு 1817-இல் போன ஒரு விண்ணப்பம், இரண்டு மூன்று முட்டையில் உருளைக்கிழங்கைக் கலந்து, ஐந்தாறு பேருக்குப் போதும்படி பெண்கள் தடிமனாக அடை செய்வதைச் சொல்லுகிறது. இல்லாமையைச் சமாளிக்கும் சாமர்த்தியம் அன்றே இருந்தது.

பிறகு 1936 முதல் 1939 வரை உள்நாட்டு யுத்தம். யுத்தம் முடிந்தும் பசி முடியவில்லை. உணவுப் பங்கீடு 1952 வரை நீடித்தது. அந்தப் பஞ்ச நாட்களில்தான், 1941-இல், இக்னாசி டொமெனெக் என்ற சமையல் வல்லுநரின் புத்தகம் வெளிவந்தது. ஆரஞ்சுத் தோலுக்கும் சுளைக்கும் நடுவே வெள்ளையாக இருக்கிறதே, அதை ஊறவைத்து நறுக்கினால் கிழங்கு! மாவைத் தண்ணீரில் கரைத்துச் சமையல் சோடா கலந்தால் முட்டை!

ருசியைப் பற்றிக் கேட்காதீர்கள். அப்படி ஓர் அடையைத் தட்டில் வைத்த தாயின் மனத்தை நினைத்துப் பாருங்கள். வயிறு நிரம்பியதோ இல்லையோ, 'நம் வீடு இன்னும் நம் வீடுதான்' என்று குழந்தைகளுக்குச் சொல்ல அவளுக்கு வேறு வழி இருந்ததா?

யுத்தத்தில் தோற்றவர்கள் பலர் நாட்டைவிட்டே போனார்கள். 1939 ஜூன் 13-ந் தேதி, சினாயா என்ற கப்பல் சுமார் 1,600 அகதிகளுடன் மெக்ஸிகோவின் வெராகுரூஸ் துறைமுகத்தை அடைந்தது. அங்கேயும் ஸ்பானிஷ் மொழிதான். ஆனால் 'டோர்ட்டியா' என்று கேட்டால் மக்காச்சோள ரொட்டி வரும்! பிறந்த ஊரில் வெறும் டோர்ட்டியாவாக இருந்தது, அங்கே 'ஸ்பானிஷ் டோர்ட்டியா' ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், உருளைக்கிழங்கே 16-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பெயினுக்குக் குடியேறியதுதான்!

பண்டிகைப் பலகாரங்களின் பக்குவத்தை எல்லாரும் எழுதி வைக்கிறோம். இல்லாத நாளில் எதை வைத்து எதைச் சமாளித்தாள் என்று உங்கள் பாட்டியைக் கேட்டு, அதையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். குடும்பச் சொத்தில் அதுவும் சேர்த்தி, இல்லையா?