ஜீவனாம்சம் கேட்கலாம், முகம் பார்க்கக் கூடாதா?

என் பேத்திக்கு 18 வயது ஆனதும் அவள்மேல் ஜீவனாம்ச வழக்குப் போட எனக்கு உரிமை உண்டு. நான் சொல்லவில்லை, 2007ஆம் ஆண்டு வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. பிள்ளைகள் என்றால் மகன், மகள் மட்டுமல்ல, பேரன் பேத்தியும் சேர்த்தி, மைனராக இருந்தால் மட்டும் விலக்கு என்று அதன் 2ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை அவளிடமிருந்து வாங்கித் தரலாம். நான் இன்றைக்கே கண்ணை மூடினாலோ, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, எனக்கு முன்னால் போய்விட்ட மகனின் இடத்தில் அவள் வந்து நின்று என் சொத்தில் பங்கு வாங்குவாள்.

அவள் பணத்தில் எனக்குப் பாத்தியதை இருக்கிறது. என் பணத்தில் அவளுக்குப் பாத்தியதை இருக்கிறது. ஆனால் இரண்டாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பிள்ளையின் முகத்தை மாதம் ஒரு தடவை பார்த்துவிட்டு வர, இந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில் எனக்கென்று ஒரு வரி கிடையாது. இது எந்த ஊர் நியாயம்?

விவரம் தெரியாத கிழவி புலம்புகிறாள் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். கோடம்பாக்கத்தில் ட்ரெயின் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்தே தலை நரைத்தவள் நான். லீகல் சைஸ் தாளில் டபுள் ஸ்பேஸ் விட்டு ஊரார் கண்ணீரையெல்லாம் அடித்துக் கொடுத்திருக்கிறேன். விவாகரத்து, ஜீவனாம்சம், கஸ்டடி, பாகப்பிரிவினை எல்லாம் என் விரல் வழியாகத்தான் போயின. எந்தப் பிரிவு எந்தப் பக்கம் வெட்டும் என்று எனக்குத் தெரியும். இப்போது மனுதாரர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது.

என் மகன் ராத்திரி ஷிஃப்ட் முடித்து பைக்கில் கிளம்பியவன், வீடு வந்து சேரவில்லை. அப்போது பேத்திக்கு மூன்று வயது. விபத்து இழப்பீட்டு மனுவை எல்லாரும் சேர்ந்துதான் போட்டோம். முதல் மனுதாரர் மருமகள். இரண்டாம் மனுதாரர் மைனர் பேத்தி. மூன்றாவது நான். நான்காவது என் வீட்டுக்காரர். நாலு பேரும் ஒரே பக்கம். தீர்ப்பு வந்ததும் குழந்தையின் பங்கைத் தேசிய வங்கியில் அவள் மேஜராகும்வரை டெபாசிட்டாகப் போட்டார்கள். யாரும் கை வைக்க முடியாது. நல்ல காரியம்தான். குழந்தையின் பணத்துக்கு அவ்வளவு காபந்து செய்த சட்டம், குழந்தையின் உறவுக்கு என்ன காபந்து செய்தது?

பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கும் பாச இழப்புக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு காப்பீட்டு வழக்கில் சொன்னது. அந்த வழக்கில் தலைக்கு 40,000 ரூபாய். செத்துப்போன மகனின் பாசத்துக்குக் கணக்குப் பார்த்துப் பணம் தரத் தெரிகிறது. உயிரோடு, இதே ஆற்காடு சாலையில், நாலைந்து பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கிற பேத்தியின் பாசத்தைப் பறித்துக்கொண்டு போனால் கேட்க நாதியில்லை!

பணம் வந்த கையோடு பேச்சு மாறியது. பெற்றவர்களுக்கு எதற்குத் தனிப் பங்கு என்று சம்பந்தி வீட்டில் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் சாலிகிராமத்தில் ஃபிலிம் லேபில் வேலை பார்த்தவர். ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவர். பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். மாத்திரைக்கும் பிசியோதெரபிக்கும் அந்தப் பணம் வேண்டும் என்றேன். நான் செய்த மகா பாதகம் அதுதான். மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வளசரவாக்கத்தில் தாய் வீட்டுக்குப் போனாள். போன் போட்டால் எடுக்கவில்லை, அப்புறம் ரிங்கே போகவில்லை. பிறந்தநாளுக்கு அனுப்பிய பட்டுப் பாவாடை, வாங்க மறுத்துவிட்டார்கள் என்று கூரியர்க்காரர் கையோடு திரும்பி வந்தது.

ஒருநாள் ரேஷன் கடையில் பில் போடுகிற பையன், “என்னம்மா, கார்டுல ரெண்டு பேர் கொறஞ்சிருக்காங்களே?” என்றான். கார்டில் கொடுத்திருந்த போன் நம்பர் மருமகளுடையது. ஓடிபி அவளுக்குத்தான் போயிருக்கிறது. மகனின் பெயரை நாங்களே அழுதுகொண்டு எடுத்தோம். உயிரோடு இருக்கிற பேத்தியின் பெயரை எடுத்துவிட்டார்கள் என்பதை, அரிசிப் பையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்ற இடத்தில் தெரிந்துகொண்டேன்.

பள்ளிக்கூட வாசலுக்கும் போனேன். வாட்ச்மேன் நல்ல மனிதர். “பிக்-அப் கார்டுல உங்க போட்டோ இல்லம்மா, நான் என்ன செய்யட்டும்? ஓரமா நின்னு பாத்துட்டுப் போங்க” என்றார். மணி அடித்தது. வரிசையாக வந்தார்கள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. அப்படியே என் மகன் நடை, தோளைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு. வேனுக்குப் போகிற வழியில் நான் நின்றேன். “கொஞ்சம் தள்ளுங்க பாட்டி” என்றாள். எந்தக் கிழவி நின்றாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். தள்ளி நின்றேன். ஏறிப் போய்விட்டாள்.

மனுப் போட்டேன். வழக்கு நடக்கிறது என்பதால் எந்தக் கோர்ட், என்ன நம்பர் என்று எழுதவில்லை. கஸ்டடி கேட்கவில்லை. விசிட்டேஷன் மட்டும், அதுவும் அவள் அம்மா பக்கத்தில் இருக்கும்போதே. அதற்குப் பதிலாகப் போட்ட கவுன்ட்டரில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? குழந்தைக்கு இவர்களை நினைவே இல்லையாம், திடீரென்று கொண்டுபோய் நிறுத்தினால் மனசு பாதிக்குமாம்.

நினைவில்லாமல் செய்தது யார்? போனை அடைத்து, துணியைத் திருப்பி அனுப்பி, கார்டில் பெயரை எடுத்து, பிள்ளையை மறக்க வைத்துவிட்டு, பிள்ளை மறந்துவிட்டது பாருங்கள் என்று அதையே கோர்ட்டில் காட்டலாமா? வக்கீல் வரவில்லை, ஒரு வாய்தா. கவுன்ட்டர் தயாராகவில்லை, ஒரு வாய்தா. கோடை விடுமுறை, ஒரு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவும் எனக்கு எதிரான ஒரு சாட்சி. சொத்து வழக்கு இழுத்தால் சொத்து அங்கேயே இருக்கும். குழந்தை அங்கேயே இருக்குமா?

இது என் ஒருத்தி கதை இல்லை. 2024 டிசம்பரில் பெங்களூரில் ஓர் இளைஞர் தற்கொலை செய்துகொண்டார். நாடே பேசியது. அவருடைய தாய், நாலு வயதுப் பேரனைக் கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் குழந்தைக்கு நீங்கள் அந்நியர் என்று 2025 ஜனவரியில் நீதிபதிகள் அவரிடம் சொன்னார்கள். வேண்டுமானால் போய்ப் பாருங்கள், கஸ்டடிக்கு வழிமுறை தனி என்றார்கள். பிள்ளை தாயிடமே இருக்கட்டும் என்று முடித்தார்கள். அந்த முடிவில் நான் குறை சொல்ல வரவில்லை. தாய் இருக்கும்போது பிள்ளை தாயிடம்தான் இருக்க வேண்டும். ஆனால் தன் பேரனுக்கு ஒரு பாட்டி எப்படி அந்நியர் ஆனார் என்ற கேள்வியை யார் கேட்பது? வேண்டுமானால் போய்ப் பாருங்கள் என்கிறார்களே, கதவைத் திறக்க மாட்டேன் என்றால் எப்படிப் போய்ப் பார்ப்பது?

தாத்தா பாட்டி ஜெயித்த வழக்கும் உண்டு. 2022 ஜூனில், கொரோனாவில் அப்பா அம்மா இருவரையும் இழந்த அகமதாபாத் சிறுவனை உச்ச நீதிமன்றம் அப்பாவைப் பெற்றவர்களிடம் ஒப்படைத்தது. அவர்களுக்கு வயதாகிவிட்டது என்று குஜராத் உயர் நீதிமன்றம் அம்மாவின் சகோதரி பக்கம் சாய்ந்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. படித்தபோது மனசு குளிர்ந்தது. மறுநிமிஷமே வயிறு எரிந்தது. பிள்ளையைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் செத்தால்தான் நாங்கள் சட்டத்தின் கண்ணில் படுவோமா? என் மருமகள் நூறு வயசு இருக்கட்டும். அவள் இருக்கும்போதே நானும் பாட்டியாக இருக்க முடியாதா?

சட்டம் கதவை முழுக்கச் சாத்தவில்லை என்பதும் எனக்குத் தெரியும். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் 7ஆம் பிரிவில், மைனரைச் சந்திப்பது தொடர்பான வழக்கையும் அந்தக் கோர்ட் விசாரிக்கலாம் என்கிறது. பெற்றோர் மட்டும்தான் வரலாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்த அடிப்படையில் கேட்பது? கையில் இருப்பது 1890ஆம் ஆண்டு, விக்டோரியா மகாராணி காலத்துப் பாதுகாவலர் சட்டம். பார்க்கும் உரிமை தாத்தா பாட்டிக்கு உண்டு என்று அதிலும் இல்லை, 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் பாதுகாவலர் சட்டத்திலும் இல்லை. நீதிபதி மனசு வைத்தால் கிடைக்கும், வைக்காவிட்டால் கிடைக்காது. இது உரிமையா, பிச்சையா? பிச்சை கேட்கவும் ஒரு நிபந்தனை: குழந்தை எங்கே வசிக்கிறதோ அந்த ஊர்க் கோர்ட்டில்தான் மனுப் போட வேண்டும். அவர்கள் கோயம்புத்தூருக்குக் குடிபோயிருந்தால், படுக்கையில் இருக்கிற மனிதரை விட்டுவிட்டு நான் கோயம்புத்தூருக்குத்தான் ஓட வேண்டும்.

பிரிந்து வாழும் பெற்றோர் பிள்ளையோடு தினம் ஐந்து பத்து நிமிஷமாவது போனிலோ வீடியோவிலோ பேச வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. அது பெற்றோருக்கு. பெற்றவன் போய்விட்டால் அந்த ஐந்து நிமிஷம் அவனைப் பெற்றவளுக்கு வராதா? 2015 மே மாதத்தில் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில், 1890ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி கஸ்டடிக்கும் விசிட்டேஷனுக்கும் தனி அத்தியாயம் சேர்க்கச் சொன்னது. தாத்தா பாட்டியோடு குழந்தை கழிக்கும் நேரத்தைப் பற்றியும் அதில் பேசியது. அந்த வரைவு வரைவாகவே கிடக்கிறது. ஓட்டுக் கேட்டு வரும்போது மட்டும் எல்லாருக்கும் நாங்கள் ‘தாய்மார்கள்’.

பிரான்சில் தாத்தா பாட்டியோடு உறவு வைத்துக்கொள்வது குழந்தையின் உரிமை என்றே சிவில் சட்டத்தின் 371-4ஆம் பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். குழந்தையின் நலனுக்குக் கேடு என்றால்தான் தடுக்கலாம். ஜெர்மனியிலும் குழந்தைக்கு நல்லது என்றால் எங்களுக்குப் பார்க்கும் உரிமை உண்டு. அமெரிக்காவில் மட்டும் 2000ஆம் ஆண்டில், மகனை இழந்த ஒரு தாத்தா பாட்டி உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். தகுதியுள்ள தாய் எடுக்கும் முடிவுக்குத் தனி மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. ஆனால் அந்தத் தாய் என்ன முடிவு எடுத்திருந்தாள்? மாதம் ஒருமுறை சிறிது நேரம் வந்து பாருங்கள் என்றாள். அது போதாது என்றுதான் அவர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்கள் தோற்றது எனக்குக் கிடைத்தால் போதும், வடபழனி முருகனுக்கு மொட்டை போட்டுக்கொள்வேன்.

எதிர்க்கேள்வி வரும். வரட்டும். வரதட்சணைக்கு அடித்த மாமியார் உண்டு. பேரப்பிள்ளை காதில் அம்மாவைப் பற்றி விஷம் ஊற்றுகிற பாட்டியும் உண்டு. அடிபட்டு ஓடிப்போன பெண் கதவைச் சாத்தினால், அந்தக் கதவுக்கு வெளியே நானே காவல் நிற்பேன். அப்படி ஒன்று என் வீட்டில் நடந்ததா என்று விசாரியுங்கள். அக்கம்பக்கத்தில் கேளுங்கள், கவுன்சலரை அனுப்புங்கள், குழந்தையிடமே கேளுங்கள். விசாரித்துவிட்டு வேண்டாம் என்றால் தலை குனிந்து போகிறேன். விசாரிக்கும் முன்பே தண்டனையை அனுபவிக்கச் சொல்கிறீர்களே, கொலைக் குற்றவாளிக்குக்கூட ஜெயிலில் மனு போட்டு உறவுக்காரர்கள் வந்து பார்க்க வழி இருக்கிறது!

மருமகளே, உனக்கும் ஒரு வார்த்தை. உனக்கு மறுமணம் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். செய்துகொள்ளம்மா. இந்த வயசில் நீ ஏன் தனியாக நிற்க வேண்டும்? வருகிறவருக்கு எங்கள் முகம் உறுத்தும் என்றால் உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை, உன் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. இழப்பீட்டில் எங்கள் பங்குதான் பிரச்சினை என்றால் மருந்துக்குப் போக மிச்சம் இருப்பதை நாளைக்கே பாப்பா பெயரில் போடுகிறேன். ஆனால் அவளுடைய அப்பா சின்ன வயசில் என்ன சேட்டை செய்தான், எதைப் பார்த்துப் பயந்தான், எந்தப் பாட்டைக் கேட்டால் தூங்குவான் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், படுத்திருக்கிற அந்த மனிதருக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் போய்விட்டால் அவளுக்குச் சொல்ல இந்த உலகத்தில் ஆள் இல்லை. எங்களைத் தண்டிப்பதாக நினைத்து நீ அவள் சொத்தை அழிக்கிறாய்.

சட்டம் செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன். குடும்பத் தொடர்புகளைக் காத்துக்கொள்வது குழந்தையின் உரிமை என்கிற ஐ.நா. உடன்படிக்கையை 1992 டிசம்பரில் இந்தியா ஏற்றுக்கொண்டது. ஏற்றதை எழுதுங்கள். குழந்தைக்குக் கேடு இல்லாதவரை தாத்தா பாட்டியைச் சந்திக்கும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று ஒரு வரி. அந்த மனுவில் இடைக்கால உத்தரவை இத்தனை நாளுக்குள் சொல்லியாக வேண்டும் என்று இன்னொரு வரி. இரண்டே வரி. எழுதத் தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். டைப் அடித்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.