மணி அடிக்கிறது, குரல் வரவில்லை!

டெலிபோன் மணி அடிக்கிறது. தாய் ஓடி வந்து எடுக்கிறாள். "சாப்பிட்டாயா கண்ணு?" என்று கேட்கிறாள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அது நன்றாகக் கேட்கிறது. அவன் பதில் சொல்கிறான். அந்தப் பதில் தாயின் காதில் விழவில்லை!

இன்டர்நெட் மூலம் பேசும் வீட்டு டெலிபோன்களுக்கு இது பழைய வியாதி. நள்ளிரவில் டாக்டரை அழைக்கும்போது இப்படி நேர்ந்தால் என்ன ஆவது?

குற்றம் டெலிபோனில் இல்லை. இன்டர்நெட் வரும் 'ரூட்டர்' பெட்டியில், விலாசம் மாறுவதில் இருக்கிறது.

ஒரே கதவு எண்

இன்டர்நெட்டில் ஒவ்வொரு கருவிக்கும் எண் விலாசம் வேண்டும். பழைய முறையில் சுமார் 430 கோடி விலாசங்களே உண்டு. அது உலகத்துக்குப் போதாது. எனவே 1994-ல் ஒரு யோசனை பிறந்தது. பல கருவிகளுக்கும் சேர்த்து ஒரே வெளி விலாசம். உள்ளே இருப்பவற்றுக்குத் தனித்தனி உள் விலாசம். பல வீடுகளில் இது 192.168 என்று தொடங்கும். இரண்டையும் மாற்றிக் கொடுக்கும் காவல்காரன்தான் ரூட்டர்.

டெலிபோன் அனுப்பும் அழைப்பு ஒரு கடிதம் போன்றது. "குரலை இந்த விலாசத்துக்கு அனுப்பு" என்று அதற்குள் எழுதியிருக்கும். காவல்காரன் உறையின் மேல் உள்ள விலாசத்தை மாற்றுகிறான். உள்ளே இருக்கும் கடிதம் மாறுவதில்லை. உள் விலாசத்துக்கு அனுப்பிய குரல் எப்படி வீடு வந்து சேரும்?

உதவியா, உபத்திரவமா?

இதற்காகப் பல ரூட்டர்களில் 'எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.' என்ற உதவியாளை வைத்திருக்கிறார்கள். அவன் கடிதத்தைப் பிரித்துத் திருத்துவான். அரைகுறையாகத் திருத்தி, வந்த குரலையும் கெடுத்துவிடுவது உண்டு. முதலில் அதை நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறகு டெலிபோனில் 'ஸ்டன்' வசதியைப் போட வேண்டும். அது வெளி விலாசத்தை விசாரித்து, கடிதத்தில் சரியாக எழுதும்.

சிலர் ஆத்திரத்தில் 'டி.எம்.இசட்.' போட்டு எல்லாக் கதவுகளையும் திறந்துவிடுகிறார்கள். கூடவே கூடாது! திருடன் நுழைந்து வெளிநாட்டுக்கெல்லாம் பேசுவான். பில் வீட்டுக்காரர் தலையில் விழும். கதவு திறந்தே ஆக வேண்டுமானால், டெலிபோன் கம்பெனி சொல்லும் எண்களை மட்டும் திறந்தால் போதும்.

சில இடங்களில் பல வீடுகளுக்குச் சேர்த்து இன்டர்நெட் கம்பெனி ஒரே வெளி விலாசம் கொடுக்கிறது. அங்கே வீட்டுக் கதவைத் திறந்தும் பயன் இல்லை. கம்பெனியைத்தான் கேட்க வேண்டும்.

யார் பொறுப்பு?

இவ்வளவையும் ஒரு தாய் படித்தா மகனோடு பேச வேண்டும்? 'ஸ்டன்' முறை 2003-லேயே எழுதப்பட்டுவிட்டது. கைப்பேசிச் செயலிகள் பலவும் இந்த வேலையைத் தாமே செய்துகொள்கின்றன. நேர்வழி கிடைக்காவிட்டால், நடுவில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக் குரலைக் கைமாற்றுகின்றன. செயலிகளால் முடிவது வீட்டு டெலிபோன் விற்பவர்களால் ஏன் முடியாது?

பெட்டியை விற்றுப் பணம் வாங்குகிறவர்கள், அதைச் சரியாக அமைத்தும் கொடுக்க வேண்டும். வீட்டில் மாட்டிவிட்டு, ஒரு முறை பேசிப் பார்த்துவிட்டுப் போகட்டும். இரண்டு பக்கமும் குரல் கேட்டால்தான் அது டெலிபோன். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் அது வெறும் பெட்டி!