கன்று செத்தால் யாருக்கு நஷ்டம்?

கறவை மாடு செத்தால் ஊர் கூடி வந்து துக்கம் விசாரிக்கிறது. கன்று செத்தால் “போகட்டும், மாடு பிழைத்ததே” என்ற ஒரே வார்த்தையோடு கதை முடிகிறது. பால் சொசைட்டி நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பாலின் அளவு இருக்கிறது, கொழுப்புச் சத்து இருக்கிறது, ரூபாய் இருக்கிறது. கன்றுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. பிறந்ததற்கும் கணக்கில்லை, செத்ததற்கும் கணக்கில்லை.

இந்தக் கன்றுகள் யாருடையவை? பண்ணை முதலாளியின் கன்றுகள் அல்ல. காலையில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய், மாலையில் வரப்பில் புல்லறுத்துக் கொண்டுவரும் விவசாயத் தொழிலாளியின் கன்றுகள். கணவன் மில்லுக்கு ஷிப்டு போக, வீட்டுக் கொட்டிலில் மனைவி கட்டிக் காக்கும் ஒற்றை மாட்டின் கன்றுகள். கூலி இல்லாத நாளில் அடுப்பெரிய வைப்பது அந்த மாடுதான். அதன் கிடேரிக் கன்று பிழைத்தால் இரண்டரை, மூன்று வருஷத்தில் வீட்டிலேயே ஒரு கறவை தயார். செத்தால் சந்தைக்குப் போக வேண்டும். வட்டிக்காரனிடம் கை நீட்ட வேண்டும். ஆகவே கன்றின் சாவு கடனின் பிறப்பு.

“விதி”, “கண் பட்டுவிட்டது” என்கிறார்கள் ஜனங்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். சாகிற இளங்கன்றுகளில் பெரும்பாலானவை பிறந்த முதல் மாதத்திற்குள் சாகின்றன. ஏன் சாகின்றன என்பது தெரிந்த விஷயம். எப்படித் தடுப்பது என்பதும் தெரிந்த விஷயம்.

முதல் காரணம் சீம்பால். மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி ஓரளவு தாயின் கருவிலேயே கிடைத்துவிடுகிறது. மாட்டின் கன்றுக்கு அப்படிக் கிடைப்பதில்லை. அது வெறுங்கையோடு பிறக்கிறது. அதற்கு வேண்டிய சக்தி முழுவதும் சீம்பாலில்தான் இருக்கிறது. அந்தச் சக்தியை அப்படியே வாங்கிக்கொள்ளும் வாசல் கன்றின் குடலில் பிறந்த சில மணி நேரந்தான் நன்றாகத் திறந்திருக்கும். ஒரு நாள் கழிந்தால் அநேகமாக அடைத்துவிடும். அதன் பிறகு குடம் குடமாகச் சீம்பால் கொடுத்தாலும் வயிறு நிரம்புமே தவிர, அந்தக் காவல் கிடைக்காது.

ஆனால் நம் ஊர்களில் நடப்பதென்ன? நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை மடியில் விடக்கூடாது என்று நிறுத்தி வைக்கிறார்கள். கொடி விழ ஆறு மணி நேரம் ஆகலாம், பத்து மணி நேரம் ஆகலாம். கன்றுக்கு உயிரான நேரம் அதிலேயே கழிந்துவிடுகிறது. உண்மையில் கன்று ஊட்டினால் தாயின் கருப்பை சுருங்கும். கொடி விழுவதற்கு அது உதவி செய்யுமே தவிர, கெடுதல் செய்யாது. கொடி விழுந்த பிறகாவது கன்றுக்கு முழுப் பங்கு உண்டா? சொந்தக்காரர் வீட்டுக்குக் கொஞ்சம், பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம், மிச்சந்தான் கன்றுக்கு!

இரண்டாவது, தொப்புள்கொடி. ஈரமான அந்தக் கொடி வழியாகத் தொழுவத்துச் சாணியின் கிருமி உள்ளே போகிறது. தொப்புள் வீங்குகிறது, மூட்டு வீங்குகிறது, கன்று எழுந்திருக்க முடியாமல் படுக்கிறது. பிறந்தவுடன் டிங்சர் அயோடினில் கொடியை நனைத்தால் இந்த ஆபத்து பெருமளவு குறையும்.

மூன்றாவது, கழிச்சல். கழிகிறதே என்று பாலை நிறுத்திவிடுகிறார்கள். கழிச்சலில் கன்றைக் கொல்வது பெரும்பாலும் உடம்பிலுள்ள நீரும் உப்பும் வெளியேறுவதுதான். கண் குழி விழுந்து, தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நின்றால் உயிருக்கு ஆபத்து என்று அர்த்தம். பாலை நிறுத்தக்கூடாது. இடையிடையே கொதித்து ஆறிய நீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்துப் புகட்டிக்கொண்டே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். எருமைக் கன்றுக்கு இன்னொரு சத்துரு உருண்டைப் புழு. அது தாய்ப்பால் வழியாகவே கன்றின் வயிற்றுக்குப் போகிறது. பத்துப் பதினைந்து நாளில் புழு மருந்து கொடுக்காவிட்டால் வயிறு ஊதி, உடம்பு வற்றிச் சாகும்.

இவை நம் கையில் உள்ளவை. இன்றே செய்யலாம். ஆனால் குற்றம் முழுவதையும் மாடு வளர்க்கும் பெண்ணின் தலையில் சுமத்திவிட்டுப் போவதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். கணக்கைப் பாருங்கள். இருபத்தைந்து கிலோ எடையுள்ள கன்றுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது தினம் இரண்டரை லிட்டர் பால் வேண்டும். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் நாளைக்கு 87 ரூபாய் 50 பைசா. மாதம் 2,625 ரூபாய். மளிகைக் கடைப் பாக்கியும் தவிட்டுக் கடனும் வாசலில் நிற்கும்போது அந்தத் தாய் எந்தப் பாலைக் கறந்து ஊற்றுவாள்? தன் குழந்தையின் டம்ளரைக்கூடப் பாதியாக்கி ஊற்றுகிறவள், கன்றின் பாலையா விட்டு வைப்பாள்? பாலுக்கு மட்டும் விலை போட்டு, கன்றுக்கு விலை போடாத ஏற்பாடு இது. கட்டுப்படியாகாத பால் விலை கன்றின் வாயிலிருந்து காம்பைப் பிடுங்குகிறது. செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து மாட்டின் முன்னால் நிறுத்திப் பால் கறக்கும் காட்சியை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கன்று போனாலும் பால் போகக்கூடாது என்ற நிர்ப்பந்தத்தின் உருவம் அது.

காளைக் கன்றின் கதி இன்னும் மோசம். உழவுக்கு டிராக்டர் வந்தது. காளைக்கு வேலை போயிற்று. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாட்டினம் சுமார் 19 கோடியே 25 லட்சம். அதில் பசுவினம் 14 கோடியே 51 லட்சம். காளையினம் ஐந்து கோடிகூட இல்லை. இந்த வித்தியாசம் முழுவதும் சாவு என்று நாம் சொல்லவில்லை, விற்பனையும் உண்டு. ஆனால் பால் மறுக்கப்பட்டு மெலிந்து சாகும் காளைக் கன்றுகள் ஊருக்கு ஊர் உண்டு. நோயில் கிடக்கும் அந்தக் கன்றின் கழிச்சல், அதே தொழுவத்தில் கட்டியிருக்கும் கிடேரியையும் தொற்றும்.

சர்க்கார் என்ன செய்கிறது? 2019ல் மத்திய சர்க்கார் கோமாரி நோய்க்கு நாடு தழுவிய தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம், நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்த ஊசி நாலு மாதம் ஆன கன்றுக்குத்தான். முதல் மாதத்திலேயே சாகிற கன்றுக்கு அதனால் என்ன பயன்? மாடு சினைப்பட ஊசி போட ஆள் வருகிறார். பிறந்த கன்று பிழைத்ததா என்று கேட்க யார் வருகிறார்?

இதெல்லாம் முடியாத காரியம் என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. 1946ல் குஜராத்தின் கேடா ஜில்லாவில், பால் வியாபாரிகளின் சுரண்டலுக்கு எதிராகச் சிறு விவசாயிகள் சங்கமாகத் திரண்டார்கள். பால் வாங்கி விற்பதோடு அந்தச் சங்கம் நிற்கவில்லை. பின்னாளில் தானே கால்நடை மருத்துவர்களை வைத்து ஊர் ஊராக அனுப்பியது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

ஆகவே நாம் கோருகிறோம்: ஒவ்வொரு பால் சொசைட்டியிலும் கன்றுப் பதிவேடு வை! டிங்சர் அயோடினும் புழு மருந்தும் இலவசமாகக் கொடு! மிஞ்சிய சீம்பாலை உறைய வைத்துக் காக்க ஒரு பெட்டி வை. தாயிழந்த கன்றுக்கு அது உயிர் கொடுக்கும். மூன்று மாதம் பிழைத்த கன்று ஒவ்வொன்றுக்கும், காளையானாலும் கிடேரியானாலும், வளர்ப்புத் தொகை கொடு! கால்நடை மருந்தகங்களில் காலியாக உள்ள இடங்களை நிரப்பு! பாலுக்குக் கட்டுப்படியான விலை கொடு!

தோழர்களே! அடுத்த சொசைட்டிக் கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த வருஷம் நம் ஊரில் எத்தனை கன்று பிறந்தது, எத்தனை செத்தது?” பதில் சொல்ல ஆளிருக்காது. அந்தக் கணக்கை நாமே வீடு வீடாகப் போய் எடுப்போம். அந்தக் கணக்கோடு போய் நிற்போம்.