கல்லுக்குள் ஒரு குளம்!

கருப்புப் பாறையை உடைத்தால் என்ன கிடைக்கும்?

சல்லி கிடைக்கும். சாலை போடலாம், வீடு கட்டலாம்.

ஆனால் மத்தியப் பிரதேசத்தில், சிந்துவாரா மாவட்டத்தில், பாறைகளுக்கு நடுவே ஒரு குளமே கிடைத்தது! குளத்து நத்தை, நீரில் மிதந்த செடி, மரத்திலிருந்து விழுந்த பழம் எல்லாம் கல்லாகி இருந்தன.

அந்தக் குளத்தைக் கண்ட மனிதன் எவனும் இல்லை. அது சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியது!

நெருப்பு ஆறு

அந்தக் காலத்தில் இந்தியாவின் மேற்கிலும் நடுவிலும் பூமி பிளந்தது. நீண்ட வெடிப்புகளின் வழியாக நெருப்புக் குழம்பு பொங்கி, ஆறாக ஓடியது. அது ஆறி இறுகிக் கருப்புப் பாறை ஆயிற்று. அந்தப் பாறையின் பெயர் பசால்ட். அஜந்தா, எல்லோராக் குகைகள் இந்தப் பாறையில் குடைந்தவையே. இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோ மீட்டர் பரப்பில் இது பரந்து கிடக்கிறது. அதாவது, சுமார் நான்கு தமிழ்நாடு!

குழம்பு ஒரே மூச்சில் வரவில்லை. பாய்ந்தது, ஓய்ந்தது, மறுபடியும் பாய்ந்தது. சில ஓய்வுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீடித்தன.

ஓய்ந்த காலத்தில் மழை பெய்தது. பள்ளங்கள் குளங்கள் ஆயின. வண்டல் படிந்தது. செடி முளைத்தது, தவளை கத்தியது. பிறகு அடுத்த குழம்பு வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. மணலில் உள்ள சிலிக்கா என்னும் பொருள் நீரில் கரைந்து, செடிகளுக்குள் ஊறி, அவற்றைக் கல்லாக்கியது.

இப்படிக் கீழே ஒரு கருப்புப் பாறை, மேலே ஒரு கருப்புப் பாறை, நடுவில் ஒரு வண்டல் அடுக்கு! பல இடங்களில் அந்த அடுக்கு ஆள் உயரம்கூட இராது.

நெற்றுக்கு ஒரு கதை

சிந்துவாராவில் உள்ள மோகாவ்ன் கலான் என்ற ஊரில் நீபா என்னும் பனை இனத்தின் காய் கல்லாகக் கிடைத்தது. இன்று அந்தப் பனை வளர்வது சுந்தரவனம் போன்ற கடலோரச் சேற்றில்! சவுசரில் கிடைத்தது அசோலா. நம் உழவர்கள் நெல் வயலில் தழைச்சத்துக்காக விடுகிறார்களே, அந்த இனம்தான்! பம்பாயில் வொர்லிக் குன்றின் அடியில் சின்னஞ்சிறு தவளைகள் கல்லில் பதிந்திருந்தன.

இத்தகைய செடிகளை ஆராய்ந்து உலகுக்குக் காட்டியவர் பீர்பால் சாஹ்னி. லட்சுமணபுரியில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சிக் கூடம் கண்டார். 1949 ஏப்ரல் 3-ம் தேதி பிரதமர் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். அந்த அடிக்கல்லிலேயே கல்லாகிய செடிகள் பதிக்கப்பட்டிருந்தன. ஒரே வாரத்தில் சாஹ்னி காலமானார். கூடம் இன்றும் அவர் பெயரால் நடக்கிறது.

எதற்கு இந்தக் கவலை?

"செத்த பாசி சோறு போடுமா?" என்று சிலர் கேட்கலாம்.

டைனோசர் என்னும் ராட்சதப் பிராணிகள் பூண்டோடு அழிந்ததும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். பெரிய விண்கல் ஒன்று பூமியில் மோதியது. அத்துடன், எரிமலைக் குழம்பு கக்கிய நச்சுக் காற்றுக்கும் அந்த அழிவில் பங்கு உண்டா? அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நெருப்பில் உறைந்த பாறை, உயிர்களின் கதையைச் சொல்லாது. நடுவில் உள்ள வண்டல்தான் சாட்சி. காற்று கெட்டால் உயிர்கள் என்ன ஆகும் என்பது இன்றைய மனிதனுக்கும் வேண்டிய பாடம் அல்லவா?

அந்தச் சாட்சி, சல்லியோடு சல்லியாக நொறுங்கலாமா?

கல் உடைப்பதை நிறுத்து என்பதல்ல வாதம். அதில் ஏழைகளின் பிழைப்பு இருக்கிறது. குவாரி இல்லையென்றால் பல அடுக்குகள் கண்ணிலேயே பட்டிரா. ஆந்திராவில் ராஜமகேந்திரபுரம் அருகே, குழம்புப் பாறைகளுக்கு நடுவே கடல் உயிர்களின் சுவடுகளை அறிஞர்கள் கண்டது கல் குவாரிகளில்தான்!

வேண்டியது இவ்வளவுதான். வண்டல் அடுக்கு தெரியும் குவாரியில் ஒரு சுவரையாவது உடைக்காமல் விட வேண்டும். "இது என்ன?" என்று தொழிலாளிக்குச் சொல்லித் தர வேண்டும். புதுமையான கல்லைக் கண்டு சொல்பவருக்குப் பரிசு தர வேண்டும்.

முடியாத காரியமா? அதே மத்தியப் பிரதேசத்தில் குகுவா என்ற ஊரில் கல்லாகிய மரங்கள் இருந்த இடம், 1983-ல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. மரங்கள் பிழைத்தன. இன்று ஊரார் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம்.

சல்லிக்கு வேறு பாறை உண்டு. 6 கோடி ஆண்டுக் குளத்துக்கு வேறு குளம் ஏது?