வாவிக்கு மேலே இருக்கிறது வேலை
வாவிக்கரையில் சிரமதானம் என்று படத்தோடு செய்தி வரும்போது மகிழ்ச்சிதான். ஆனாலும் ஐப்பசி மழைக்கு முன் கண்டியில் கை வைக்கவேண்டிய இடம் மேலேயுள்ள சரிவுகள் என்றே சொல்வேன். 1807-இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல்வெளியை மறித்துக் கட்டுவித்த வாவி இது. சுற்றியுள்ள குன்றுகளில் வழிவது இதற்குள் வந்துதான் தீரும். முதல் பெருமழையில் கான் வாயைப் பாருங்கள்: செம்மண் கலங்கல், அதன்மேல் சவர்க்கார நுரை, யோகட் கோப்பை, லஞ்ச் ஷீட். கோப்பையைப் பொறுக்கிவிடலாம், நுரையோடு கரைந்து வருவதை எப்படிப் பொறுக்குவது? 1999-இல் வாவி முழுக்க நீலப்பச்சைப் பாசி படர்ந்ததற்குத் தீனி போட்டவை இப்படிச் சேர்ந்த சத்துகளே. வண்டல் பிடிக்கும் தொட்டிகள் இருக்கின்றனவே, மீதியை மாநகர சபை பார்த்துக்கொள்ளட்டும் என்பார்கள். வடிகாலைப் பார்ப்பது அந்தச் சபையின் கடமைதான், அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால் தொட்டி மணலைத்தான் தடுக்கும். மழைக்கானில் கழிவுக்குழாயைச் சொருகிவிட்டால் அந்த நீர் அதைத் தாண்டிப் போய்விடும். விஷயம் வாவியோடு நிற்பதுமில்லை. நிரம்பி வழிவது மெத எல வழியாக நகரைக் கடந்து கெட்டம்பே பக்கம் மகாவலியில் கலக்கிறது. பொல்கொல்லை அணையில் அந்த ஆற்றைத் திருப்பித்தான் வடக்கே வயல்களுக்கு அனுப்புகிறோம். ஆகவே சிரமதானக் குழுக்கள் இம்முறை ஒரு சனிக்கிழமையாவது மேலே ஏறட்டும்: தத்தம் ஒழுங்கையின் கானைத் தூர்வாரி, எந்தக் குழாய் எங்கே சொருகியிருக்கிறது என்று எழுதிச் சபையிடம் கொடுக்கட்டும்.